நங்கூரச் சங்கிலி: தெரிவும் பராமரிப்பும்

கரையோரக் கிராமங்களிலும் தீவுப் பகுதிகளிலும் வாழும் கமக்காரருட் பலர் நிலத்தை மட்டும் நம்பி வாழ்பவரல்லர். காலபோக நெல்லை அறுத்துச் சூடு மிதித்த பின்னர்க் கடற்றொழிலுக்குச் செல்வோர் உளர். வெங்காயம், மரக்கறி, வைக்கோல், பசளை ஆகியவற்றை வள்ளத்தில் ஏற்றி இறக்குவோரும் உளர். இவர்களுக்கு வள்ளமும் ஒரு கமக் கருவியே ஆகும். கலப்பையின் கொழு தேய்ந்தால் உழவு ஒரு நாள் தாமதிக்கும். நங்கூரச் சங்கிலி அறுந்தால் வள்ளமும், அதிலேற்றிய விளைவும், சில வேளைகளில் அதில் உறங்கும் மனிதனும் ஓரிரவிற் போய்விடக்கூடும். ஆகவே இச்சங்கிலியைத் தெரிவு செய்யும் முறையையும் பேணும் முறையையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இதனை எழுதுபவர் பணியாற்றிய கரையோரப் பிரிவொன்றில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. தமையனும் தம்பியுமாகிய இரு கமக்காரர் தை மாதக் கடைசியில் இருபத்திரண்டு மூடை சின்ன வெங்காயத்தை வள்ளத்தில் ஏற்றிச் சந்தைக்குப் புறப்பட்டனர். பொழுதுபட்டு விட்டமையாலும், கரையோரத்தில் நீர் வற்றியிருந்தமையாலும் வள்ளத்தைச் சற்று வெளியே நங்கூரமிட்டுத் தம்பி அதிற் காவலிருந்தார். நள்ளிரவுக்குப் பின் வாடைக் காற்று வலுத்தது. சங்கிலி அறுந்தது. வள்ளம் கற்பாரில் மோதிப் பிளந்தது. தம்பி ஒரு பலகையைப் பற்றிக் கொண்டு கரை சேர்ந்தார். வெங்காயம் முழுவதும் உப்பு நீரில் நனைந்து பயனற்றுப் போயிற்று. அவ்வாண்டு விதை வெங்காயத்துக்குப் பெற்ற கடனை அடைக்க அவர்களுக்கு இரண்டு போகங்கள் சென்றன.

அறுந்த சங்கிலியைப் பார்த்தபோது அது வாங்கி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தமை தெரிய வந்தது. வாங்கிய அன்று அது வெள்ளி போல் மின்னியதாம். வள்ளத்தின் அடித்தட்டில் பசளை மூடைகளின் கீழே அது சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பசளையை மொத்தமாக வாங்கி வள்ளத்திற் கொண்டு வருமாறு அவர்களுக்கு ஆலோசனை கூறியவர் இதனை எழுதுபவரே. சங்கிலியைப் பற்றி அவர் அன்று ஒன்றும் கூறவில்லை. அக்குறையை நிறைவு செய்தலும் இப்பிரசுரத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு உண்டாகின்றது. உப்பு இச்செயலை விரைவுபடுத்துகின்றது. கடல் நீரில் பொதுவாக ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துப் பிடிப்பதால், உப்புப் படிந்த சங்கிலி வெயிற் காலத்திலும் முற்றாக உலர்வதில்லை. இக்காரணத்தால், நீரினுள் எப்பொழுதும் அமிழ்ந்து கிடக்கும் பகுதியிலும் பார்க்க, மாறி மாறி நனைந்து உலரும் பகுதியே பெரும்பாலும் விரைவிற் பழுதடைகின்றது. ஈரத்தோடு குவித்து வைக்கப்படும் சங்கிலியின் அடிப்பகுதியும் அவ்வாறே கெடும்.

சேற்றில் வேறொரு தீங்கு உண்டு. நீர் தேங்கிய வயலிற் காலை வைத்தால் கறுத்த சேறும் அழுகிய முட்டையின் மணமும் மேலெழுவதைக் கமக்காரர் அறிவர். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேற்று உப்புக்களிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவை உண்டாக்குதலே அம்மணத்திற்குக் காரணமாகும். களப்புக்களின் அடிச்சேற்றிலும் இதுவே நிகழ்கின்றது. அங்குக் கிடக்கும் சங்கிலி கறுப்பதும் அரிப்புண்பதும் இதனாலேயே.

சங்கிலி செய்யும் வேலை

நங்கூரம் மண்ணைப் பற்றி நிற்பதற்கு அதன்மீது வரும் இழுவை நிலத்தோடு ஒட்டியதாக இருத்தல் வேண்டும். இழுவை மேல்நோக்கி அமைந்தால் நங்கூரம் பிடுங்கப்பட்டு விடும். சங்கிலியின் பாரம் இழுவையைத் தாழ்த்திப் பிடிக்கின்றது. அலை வள்ளத்தைத் தூக்கும்பொழுது தொய்ந்து கிடக்கும் சங்கிலி சிறிது சிறிதாக நிமிர்ந்து அதிர்ச்சியையும் ஏற்கின்றது. அன்றியும், பாரிலும் முருகைக் கல்லிலும் உராயும்பொழுது கயிறு விரைவில் அறுந்துவிடும், சங்கிலி தாங்கும். எனவே நங்கூரத்தை அடுத்துச் சங்கிலியும் அதற்கு மேல் நைலோன் கயிறும் இணைத்தல் சிறிய வள்ளங்களுக்கு ஏற்ற முறையாகும். சங்கிலியின் நீளம் வள்ளத்தின் நீளத்துக்குக் குறையாமலிருத்தல் நன்று.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது வள்ளத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். மாலை வேளையின் மெல்லிய காற்றில் நன்றாக நின்ற சங்கிலி நள்ளிரவுக் காற்றிலும் நிற்கும் என்று எண்ணுதல் தவறு.

சங்கிலி வகைகள்

கடைகளிற் கிடைக்கும் சங்கிலிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பூச்சு எதுவுமில்லாத கருஞ்சங்கிலி. இது விலை குறைந்தது. ஆயின் உப்பு நீரில் மிக விரைவாகத் துருப்பிடிக்கும்.

இரண்டாவது, மின்முறையால் நாகமுலாம் பூசப்பட்டது. இது அழுத்தமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் இதன் நாகப் படை மிக மெல்லியது. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் 5 முதல் 15 பங்களவே இருக்கும். வீட்டுக் கதவுக்கும் படலைக்கும் இது போதும், கடலுக்குப் போதாது. மேலே கூறிய சகோதரர் வாங்கியது இவ்வகையே.

மூன்றாவது, உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கப்பட்டது. இதனைக் கடைக்காரர் சுடுதோய்ப்புக் கல்வனைசு என்பர். ஏறத்தாழ 450 பாகை சதமளவையில் உருகி நிற்கும் நாகத்தில் சங்கிலியை அமிழ்த்தும்பொழுது நாகமும் இரும்பும் ஒன்றோடொன்று கலந்து இறுகிய படைகளாகின்றன. இப்பூச்சு வழக்கமாக மேற்கூறிய பங்குகளில் 50 முதல் 85 வரை தடிப்புடையது. பார்வைக்கு மங்கிய சாம்பல் நிறமாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் தோன்றும். தொழில் செய்யும் வள்ளத்துக்கு ஏற்றது இவ்வகையே.

நாகம் இரும்பைக் காக்கும் முறை கமக்காரருக்கு எளிதில் விளங்கும். பிரதான பயிரைக் காப்பதற்காகப் பூச்சிகளை ஈர்க்கும் பொறிப்பயிரைச் சுற்றிவர நடுகின்றோம். பூச்சி முதலில் அதனை உண்கின்றது, பயிர் தப்புகின்றது. அவ்வாறே, பூச்சிற் சிறு கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், அயலிலுள்ள நாகம் முதலிற் கரைந்து இரும்பைக் காக்கின்றது. நாகம் தீரும்வரையே இக்காவல் உண்டு. எனவே தடித்த பூச்சு நெடுங்காலம் உழைக்கும். மெல்லிய பூச்சு விரைவிற் கைவிடும்.

நான்காவது, கறையில் உருக்கு. இதில் குரோமியம், நிக்கல் ஆகியவை கலந்துள்ளன. 304, 316 என்னும் இரு இனங்கள் சாதாரணமாக விற்பனைக்கு வருவன. 316 இல் 2 முதல் 3 சதவீதம் வரை மொலிப்தனம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். 304 கடலுக்கு ஏற்றதன்று. கறையில் உருக்கின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய படலமே அதற்குக் காவல். அப்படலம் புதுப்பிக்கப்படுவதற்கு ஒட்சிசன் வேண்டும். சேற்றிற் புதைந்தும், கண்ணிகளின் இடுக்கில் நீர் தேங்கியும் கிடக்குமிடத்து ஒட்சிசன் குறைவதால், வெளியே பளபளப்பாயிருக்க உள்ளே குழி விழுந்து அரிப்புண்ணலாம். விலையும் நாகச் சங்கிலியிலும் பல மடங்காகும். ஆகவே சேற்றுக் களப்பில் நங்கூரமிடுவோர் இதற்குப் பணம் செலவழித்தல் அவசியமன்று.

பருமனும் தரமும்

சங்கிலியின் பருமன் என்பது கண்ணி செய்யப்பட்ட கம்பியின் விட்டமாகும். 5/16 அங்குலச் சங்கிலி ஏறத்தாழ 8 மில்லிமீற்றர்ச் சங்கிலியே. தரம் என்பது உருக்கின் வலிமையைக் குறிப்பது. தரம் 30 என்றால், குறுக்குவெட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் 300 நியூற்றன் இழுவையில் அறும் என்பது பொருள். தரம் 40 என்றால் அது 400 நியூற்றன் ஆகும்.

இக்கணக்கின்படி தரம் 30 ஐச் சேர்ந்த 6 மில்லிமீற்றர்ச் சங்கிலி ஏறத்தாழ 1,700 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவையில் அறும். 8 மில்லிமீற்றர்ச் சங்கிலி 3,000 கிலோகிராமிலும், 10 மில்லிமீற்றர்ச் சங்கிலி 4,800 கிலோகிராமிலும் அறும். இவை புதிய, பழுதற்ற சங்கிலிக்கே பொருந்தும். அறுக்கும் பாரத்தில் நாலிலொரு பங்கையே பாவிக்கத்தக்க பாரமாகக் கொள்ளுதல் வேண்டும்.

குறுங்கண்ணிச் சங்கிலி ஒரு மீற்றருக்கு 6 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 0.8 கிலோகிராமும், 8 மில்லிமீற்றரில் 1.4 கிலோகிராமும், 10 மில்லிமீற்றரில் 2.2 கிலோகிராமும் நிறையுடையது. 6 மீற்றர் நீளமுள்ள, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பாரமேற்றும் வள்ளத்துக்கு 8 மில்லிமீற்றர்ச் சங்கிலி வழக்கமாகப் போதுமானது. 9 அல்லது 10 மீற்றர் நீளமுள்ள படகுக்கு 10 மில்லிமீற்றருக்குக் குறையாதது வேண்டும். இவற்றிலும் பெரிய படகுடையோர் படகு கட்டுபவரிடம் கேட்டறிந்து வாங்குதல் நலம்.

கடையிற் கவனிக்க வேண்டியவை

சங்கிலியை வாங்குமுன் ஒரு முழ நீளத்தைக் கையிலெடுத்து ஒவ்வொரு கண்ணியையும் பார்த்தல் வேண்டும். கண்ணிகள் முற்றாக ஒட்டு வேலை செய்து மூடப்பட்டிருத்தல் வேண்டும். வளைத்து முட்ட வைக்கப்பட்ட, ஒட்டில்லாத கண்ணி இழுவையில் விரியும். மாடு கட்டும் சங்கிலியும், முறுக்குக் கண்ணிச் சங்கிலியும் நங்கூரத்துக்கு உதவா. நெடுங்கண்ணிச் சங்கிலி விளிம்புகளில் வளைந்து நெளியும், குறுங்கண்ணியே மேலானது.

தரமான சங்கிலியிற் குறித்த இடைவெளிகளில் தர எண் பொறிக்கப்பட்டிருக்கும். பூச்சுச் சுடுதோய்ப்பா, மின்முறையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தல் நன்று. பளபளப்பைக் கண்டு மயங்குதல் ஆகாது. நெல்லை வாங்குபவர் நிறத்தைப் பார்த்து வாங்குவதில்லை. கடித்துப் பார்த்தே வாங்குவர்.

விலையை ஆண்டுக் கணக்கில் ஒப்பிடுதல் வேண்டும். ஓராண்டு உழைக்கும் சங்கிலியின் விலை ஒரு பங்கும், ஐந்தாண்டு உழைக்கும் சங்கிலியின் விலை இரண்டு பங்குமாயின், முன்னதே விலை கூடியது.

இணைப்புக்கள்

சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த இடத்தின் வலிமையே. நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் சக்கிள் வளையம் சங்கிலியிலும் ஓர் அளவு பெரியதாகவும், அதுவும் சுடுதோய்ப்புப் பூச்சுடையதாகவும் இருத்தல் வேண்டும். அதன் திருகாணி தானே கழன்றுவிடாதபடி நாகம் பூசிய கம்பியால் இறுகக் கட்டி வைத்தல் வேண்டும். செம்பு, பித்தளை ஆகியவற்றைச் சங்கிலியோடு சேர்த்தலாகாது. இரு வேறு உலோகங்கள் கடல் நீரிற் சேர்ந்திருக்கும்பொழுது மெலிந்த உலோகம் அரிப்புண்ணும். இங்கே அரிப்புண்பது நாகமே. கறையில் உருக்குச் சக்கிள் பூட்டினாலும் அதனை அடுத்துள்ள கண்ணிகளின் நாகம் முன்னதாகக் கரையும்.

கயிற்றைச் சங்கிலியோடு வெறும் முடிச்சாற் கட்டுதல் நன்றன்று. கயிற்றின் நுனியை உலோகக் காதொன்றைச் சுற்றிப் பின்னி, அக்காதைச் சக்கிளால் இணைத்தால் உராய்வு குறையும்.

பசளையும் சங்கிலியும்

இப்பகுதியைக் கமக்காரர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மியூறியேற்றுப் பொற்றாசு என்பது பொற்றாசியம் குளோரைட்டாகும். கறியுப்பைப் போலவே இதுவும் இரும்பை அரிக்கும். அமோனியம் சல்பேற்று ஈரத்தோடு கூடும்பொழுது சற்று அமிலத்தன்மை அடைந்து நாகத்தைக் கரைக்கும். மூடையிலிருந்து கசியும் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிச் சங்கிலியின் இடுக்குகளில் இறங்குகின்றது. கடல் நீர் செய்வதற்கு மேல் இது இன்னொரு கேடு.

எனவே பசளை மூடைகளைச் சங்கிலியின் மேலோ அதற்கு அருகிலோ வைத்தல் கூடாது. வள்ளத்தின் அணியத்திற் சங்கிலிக்கு வேறிடம் அமைத்து, அடியில் நீர் வடியும் துளைகளுள்ள பலகைத் தட்டொன்று இடுதல் வேண்டும். பசளை இறக்கிய பின்னர் வள்ளத்தின் அடித்தட்டைக் கழுவுதல் வேண்டும். பசளைக் கொட்டிலிற் சங்கிலியைத் தொங்கவிடுதலும் தவறு. அங்குள்ள மண்வெட்டியும் கொழுவும் விரைவில் துருப்பிடிப்பதற்கும் இதுவே காரணம்.

பேணும் முறை

தொழில் முடிந்து நீண்ட நாட்களுக்கு வள்ளத்தைக் கரையேற்றும்பொழுது, சங்கிலியை நன்னீராற் கழுவி, நிழலிற் காற்றுப்படத் தொங்கவிடுதல் வேண்டும். நன்னீர் அருமையான தீவுகளில் முதலிற் கடல் நீரிலேயே சேற்றைப் போக்கி, இறுதியில் ஒரு வாளி கிணற்று நீரை மேலிருந்து ஊற்றினாற் போதும். மழையில் விரித்து வைத்தலும் நல்ல முறையே. கழுவிய நீர் தோட்டத்து வாய்க்காலுக்குச் செல்ல விடுதலாகாது. வெங்காயம் உப்பைத் தாங்கும் பயிரன்று.

பழைய இயந்திர எண்ணெயில் தோய்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கண்ணிகள் உராய்ந்தவுடன் எண்ணெய் நீங்கி விடும். களப்பு மீனுக்கும் இறாலுக்கும் கேடு விளையும். மையும் அவ்வாறே உராய்ந்து போகும். ஐந்து மீற்றருக்கு ஒருமுறை அடையாளமிடுவதற்கு மட்டும் மையைப் பாவிக்கலாம்.

நங்கூரப் பக்கத்து நுனி அதிகமாகத் தேயும். ஆகவே ஆண்டுக்கொருமுறை சங்கிலியைத் தலைமாற்றிப் பூட்டினால் தேய்வு இரு பக்கமும் பகிரப்படும்.

தேய்வை அறிதல்

கண்ணியோடு கண்ணி முட்டும் உள்வளைவே முதலில் தேயும் இடமாகும். வெளிப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்தலாகாது. இதற்கு எளிய கருவியொன்றைக் கம்மாலையிற் செய்விக்கலாம். 8 மில்லிமீற்றர்ச் சங்கிலியாயின், தடித்த தகட்டுத் துண்டொன்றில் 7 மில்லிமீற்றர் அகலமுள்ள வெட்டு ஒன்றை வெட்டுவிக்க வேண்டும். கண்ணியின் தேய்ந்த இடம் இவ்வெட்டினுள் நுழையுமாயின் அச்சங்கிலியைத் தள்ளிவிடுதல் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் தேய்வு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் வலிமை விட்டத்தை மட்டும் பொறுத்ததன்று. குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 8 மில்லிமீற்றர் 7 ஆகக் குறையும்பொழுது வலிமையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு போய்விடுகின்றது.

இருபது கண்ணிகளின் நீளத்தை வாங்கிய அன்றே அளந்து எழுதி வைத்தலும் நன்று. பின்னர் அந்நீளம் கூடியிருக்கக் கண்டால் கண்ணிகள் தேய்ந்தன அல்லது விரிந்தன என்பது தெளிவு.

பூச்சு நீங்கி, இரும்பு இன்னும் தேயாதிருக்குமாயின் சங்கிலியை மீண்டும் உருகிய நாகத்தில் தோய்ப்பிக்கலாம். தரம் 30, 40 சங்கிலிகளுக்கே இது பொருந்தும். பாரந்தூக்குவதற்கென வெப்பப் பதமேற்றிய கடுஞ்சங்கிலிகளை இவ்வாறு செய்தல் ஆபத்தானது. தோய்ப்பதற்கு முன் அமிலத்திற் கழுவுவதால் அவை நொறுங்கும் தன்மை அடையலாம்.

எவ்வளவு நீளம் விடுதல் வேண்டும்

நல்ல சங்கிலியும் குறுகவிட்டாற் பயன்படாது. நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரத்தையும் கூட்டி, வந்த தொகையைச் சாதாரண காலத்தில் ஐந்தாலும், காற்று வலுத்த காலத்தில் ஏழாலும் பெருக்குதல் வேண்டும். ஆழம் 4 மீற்றரும் அணியத்தின் உயரம் 1 மீற்றருமாயின் கூட்டுத்தொகை 5. சாதாரண காலத்தில் 25 மீற்றரும், வாடை, சோளகக் காற்றுக்களில் 35 மீற்றரும் வெளிவிட வேண்டும். இதில் 10 மீற்றர் சங்கிலியாகவும் மிகுதி கயிறாகவும் இருக்கலாம்.

சங்கிலியை நம்பலாகாத வேளை

1964 டிசெம்பரில் வட பகுதியையும், 1978 நவெம்பரில் மட்டக்களப்புப் பகுதியையும் தாக்கிய சூறாவளிகளைப் போன்றவற்றின்முன் எச்சங்கிலியும் போதாது. சூறாவளி எச்சரிக்கை வெளிவந்ததும் வள்ளத்தைக் கரையேற்றி, இயந்திரத்தைக் கழற்றி, உறுதியான மரத்திற் கட்டுதல் வேண்டும். வள்ளத்தைக் காப்பதற்காக ஒருவரை அதில் உறங்கவிடுதல் எக்காரணத்தாலும் ஆகாது. சங்கிலி அறுந்தால் மற்றொன்று வாங்கலாம்.

சுருக்கம்

1. சுடுதோய்ப்பு நாகமுலாம் பூசிய, ஒட்டு வேலை செய்த குறுங்கண்ணிச் சங்கிலியையே வாங்குக.

2. 6 மீற்றர் வள்ளத்துக்கு 8 மில்லிமீற்றரும், 9 அல்லது 10 மீற்றர்ப் படகுக்கு 10 மில்லிமீற்றரும் குறையாத பருமன் கொள்க.

3. சக்கிள் ஓர் அளவு பெரியதாயிருக்க. திருகாணியைக் கம்பியாற் கட்டுக. செம்பும் பித்தளையும் சேர்க்கற்க.

4. பசளையையும் சங்கிலியையும் ஓரிடத்தில் வைக்கற்க.

5. கழுவி உலர்த்துக, ஆண்டுக்கொருமுறை தலைமாற்றுக, வாடை தொடங்குமுன் தகட்டு வெட்டாற் சோதிக்க.

6. ஆழத்தையும் அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஐந்து மடங்கு, காற்றில் ஏழு மடங்கு விடுக.

மேற்கூறிய சகோதரர் இன்று வேறொரு வள்ளத்தில் தொழில் செய்கின்றனர். அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் 7 மில்லிமீற்றர் வெட்டுள்ள தகடொன்று ஆணியில் தொங்குகின்றது. ஐப்பசி பிறந்ததும் அதனை எடுத்துக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பது தம்பியின் வழக்கம். ஒவ்வொரு கரையோரக் கமக்காரரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வாராயின், விளைந்தது கடலிற் போகாமல் வீடு வந்து சேரும்.